சைரன் அடிக்காத மத்தியானம்

போன ஐப்பசியில், போடிமெட்டுக்கு மேலே என் அக்கா வீட்டுக்காரரின் ஏலக்காய் ஸ்டோரில் நடந்தது இது. பச்சைக்காயை விறகு அடுப்புச் சூட்டில் உலர்த்தும் கட்டடத்தைத்தான் எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். சூடு மிஞ்சினால் காயின் பச்சை போய்விடும். அப்புறம் வியாபாரி கண்ணெடுத்தும் பார்க்க மாட்டார்.

நான் போடியில் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். சூடு மிஞ்சினால் சைரன் அடிக்கும்படி, லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை அங்கே வைத்திருந்தேன். அப்டேட் செய்ய, குப்பை ஃபைல்களைக் கழிக்க, பேக்கப் எடுக்க என்று அதைப் பராமரிக்கத் தனித்தனிக் கருவிகள். வீட்டிலிருந்தபடியே ஒவ்வொன்றாக ஓட்டிச் சலித்துப்போய், எல்லாவற்றையும் ஒரே கருவியாகச் சேர்த்து, வாராவாரம் தானாக ஓடும்படி செய்தேன். ஏகப் பெருமை எனக்கு. அடுப்பு பார்க்கும் அண்ணனிடம், "இனிமே சும்மா சும்மா வந்து சூடு பாக்க வேணாம்ணே. சைரன் கூப்பிடும். நீங்க விறகுச் சோலியப் பாருங்க" என்று வேறு சொல்லி வைத்தேன்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் நான் மேலே போனபோது, ஸ்டோர் வாசலில் மச்சான் கத்திக்கொண்டிருந்தார். உள்ளே தட்டு தட்டாகக் காய் வெளிறிக் கிடந்தது.

"தின்னுட்டுத் தூங்கவா ஒனக்குச் சம்பளம்? துணிய எடுத்துக்கிட்டு மலைய விட்டு எறங்கு."

அடுப்பு அண்ணன் எங்கள் இருவரையும்விட மூத்தவர். காய் பறிக்க வந்த பெண்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சைரன் அடிக்கலைங்க" என்று மட்டும் சொன்னார்.

கம்ப்யூட்டரைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் என் கருவி அப்டேட் முடித்து, கம்ப்யூட்டரை அணைத்து மறுபடி கிளப்பியிருக்கிறது. கிளம்பியதும் சைரன் புரோகிராமை ஓட விடுவது எப்போதும் நான்தான். கை பழகிப்போனதால் அதை ஒரு வேலையாகவே நான் நினைத்ததில்லை. கருவிகளைச் சேர்த்தபோது அது விட்டுப்போயிருந்தது.

வெளியே வந்து, "தப்பு என்மேலதான் மச்சான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். வசவு விழும் என்று நின்றேன்.

மச்சான் சட்டென்று தணிந்துவிட்டார். "சரி விடு மாப்ளே. வேலைன்னா அப்பிடி இப்பிடித்தான் இருக்கும். ஒங்கக்கா சோறு ஆக்கி வச்சிருக்கா, வா" என்று தோளில் கை போட்டார். அடுப்பு அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "நீ போயி அடுப்பப் பாரு" என்றார். அவ்வளவுதான்.

கிளம்புவதற்காக அதற்குள் எடுத்து வந்திருந்த துணிப்பையை அடுப்பு அண்ணன் மூலையில் வைத்துவிட்டு விறகு எடுக்கக் குனிந்தார். நான் போய் உட்கார்ந்து மீன் குழம்போடு சாப்பிட்டேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

சாயங்காலம் கிளம்பும்போது தனியாக அடுப்பு அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி. வெரசா எறங்குங்க, மழை வருது" என்றார்.

கருவியை அன்றைக்கே சரிசெய்துவிட்டேன். ஆனால் ஒரே தப்புக்கு அவருக்கு வசவும் எனக்குச் சோறும் கிடைத்ததைக் கண்ணால் பார்த்தும், "அவருகிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேளுங்க மச்சான்" என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை என்பதுதான், அந்த அண்ணன் முகத்தை நிமிர்ந்து பார்க்க விடாமல் என்னைத் தலைகுனிய வைக்கிறது.