ஐந்து நொடி டைமரும் ஒரு மிஸ்ட் கோலும்

யுத்தம் உக்கிரமாக நடந்த காலம். கொழும்பில் வீடு வெள்ளவத்தையில், வேலை கொம்பனித்தெருவில். புளூடூத் ஹெட்செட்டுக்குள் ஓடும் மென்பொருளை எழுதிக்கொண்டிருந்தேன். காலையில் புறப்பட்ட தமிழன், வழியில் யாரும் பிடித்துக்கொண்டு போகாமல் வேலைக்குப் போய்ச் சேர்ந்தானா என்பதே அந்நாட்களில் பெரிய கேள்வி. ஒஃபிசில் கால் வைத்ததும் வீட்டுக்கு ஒரு மிஸ்ட் கோல் கொடுப்பேன். மறந்தால், மனைவி ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணி ஞாபகப்படுத்துவாள்.

அன்று மறந்துபோனேன். கோதாரி விழுந்த பிழை ஒன்று மூன்று நாளாக என்னை இருக்க விடவில்லை. எங்கள் ஹெட்செட் சும்மா இருக்கும், மணியடிக்கும், அல்லது பேச்சில் இருக்கும். இந்த மூன்று நிலைகள்தான். மணியடித்ததும் ஐந்து நொடி டைமர் ஓடத் தொடங்கும். அது முடிந்தால், வாகனம் ஓட்டுபவருக்கு வசதியாக, ஹெட்செட் தானே அழைப்பை எடுக்கும். ஆனால் சிலவேளை ஐந்து நொடி பொறுக்காமல் உடனேயே எடுத்துவிடுகிறது. ஏனென்று பிடிபடவேயில்லை.

சோதனைப் போன்கள் எல்லாம் வேறு ஆட்களின் கையில் இருந்தன. பொறுமை கெட்டு, என் சொந்தப் போனின் சத்தத்தை நிறுத்தி, மேசையில் கிடந்த சர்க்கிட் போர்டோடு இணைத்தேன். போர்டில் மைக் இருந்தது. ஸ்பீக்கர் இன்னும் பூட்டாததால் மறுமுனையில் பேசுவது எங்களுக்குக் கேட்காது. பக்கத்து மேசையில் இருந்த சிங்கள நண்பனிடம், எனக்குக் கோல் எடுத்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்த்தேன்.

மணி. அழைப்புக் கட்டானது. மறுபடியும் மணி, ஒரே நொடியில் பேச்சு! அடடா, பிடித்துவிட்டேன். கட்டான அழைப்பின் டைமரை நான் நிறுத்தவேயில்லை. அது பாட்டுக்கு ஓடிப்போய் அடுத்த அழைப்பை எடுத்திருக்கிறது. ஒரு வரி எழுதினால் போதும். "விசரன், விசரன்" என்று மனதுக்குள் என்னையே ஏசி, தலையில் அடித்துக்கொண்டேன். நண்பன் அதைப் பார்த்து, மேசையில் தட்டித் தட்டிச் சிங்களத்தில் ஏதேதோ சொல்லிச் சிரித்தான். பிறகுதான், தான் இன்னும் ஒரு கோலும் எடுக்கவில்லையே என்றான்.

போனைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் வீட்டு நம்பர். உடனே போர்டின் இணைப்பைத் துண்டித்துவிட்டு வீட்டுக்குக் கோல் எடுத்தேன், மணி அடித்தபடியே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவளிடம் கைபேசியும் இல்லை. இருக்க முடியாமல் வாசலுக்கும் மேசைக்கும் நடந்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஒரு மணித்தியாலம் கழித்து ஓட்டோவில் வந்து இறங்கினாள். என்னைக் கண்டதும் அழவில்லை.

"ஆரோ எடுத்தவங்கள். என்னோட ஒரு கதையுமில்லை. நான் கத்தக் கத்த, சிங்களத்தில சிரிச்சவங்கள்."

"அது மெஷினப்பா. தானா எடுத்தது" என்றேன்.

"பொலிசுக்குப் போயிட்டுத்தான் வாறன். உங்கட படம் கேட்டவங்கள். எடுத்துக்கொண்டு போற வழியில இஞ்ச ஒருக்காப் பாக்க வந்தனான்."

கையை விரித்துக் காட்டினாள். எங்கள் கல்யாணப் படம். தன்னை வெட்டி எடுத்துவிட்டு, என்னை மட்டும் கொண்டுவந்திருந்தாள்.