ஹாரன் அடிக்காத பஸ்

கண்மாய்க்கரையில் காரை மெதுவாக்கினேன். ஈரச் சேற்று வாசம் உள்ளே வந்ததும் பக்கத்தில் இருந்த அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

மிஷன் பள்ளி டீச்சரான அம்மாவோடு இதே உசிலம்பட்டி ரோட்டில்தான் சிறுவயதில் டவுன் பஸ்ஸில் போவேன். கார்த்திகை பிறந்து கண்மாய்க்கு வலசை வாத்துகள் வந்துவிட்டால், வெயில் முதுகில் விழும் பக்கத்து ஜன்னல்தான் அவளுக்கு வேண்டும். "எதிர்வெயில்ல பாத்தா எல்லா வாத்தும் கறுப்புத்தான்" என்பாள். முதல்முறை, கொஞ்சம் மெதுவாகப் போகச் சொல்லி அவள் கேட்டாளே என்று டிரைவர் அண்ணன் பஸ்ஸை நிறுத்தியேவிட்டார். அவ்வளவுதான், ஊசிவால் வாத்துகள் மொத்தமும் எழும்பிப் பறந்துவிட்டன.

"நிப்பாட்டாதீங்கண்ணே, உருட்டிக்கிட்டே போங்க. ஓடுற வண்டிக்கு அதுக பயப்படாது."

மறுநாளிலிருந்து இந்தக் கண்மாய்க்கரை வளைவில் பஸ் மாட்டுவண்டியாக நகரும். ஹாரனே கிடையாது. ஆபீசுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்தவர்களே தை மாதத்தில், "டீச்சர், இன்னைக்கு எம்புட்டு வந்திருக்கு?" என்று எங்கள் பக்கம் சாய்ந்தார்கள்.

இன்றும் வாத்துகள் வந்திருந்தன. பின்னால் ஒரு டவுன் பஸ் ஒட்டி வந்தது. இதோ ஹாரன் அடிக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். கரை முடியும்வரை சத்தமே இல்லை.

அம்மா திரும்பிப் பார்த்தாள். "நம்ம அண்ணன் பஸ்ஸாடி?"

அவர் ஓய்வுபெற்று எத்தனையோ காலமாகிவிட்டது.

"இது வேற அண்ணன்ம்மா."

அம்மா ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பஸ்ஸைப் பார்த்து ஆட்டினாள்.