போட்டோவில் கிடைக்காத அம்மா

மூன்று வருடங்களுக்கு முன்பு சிதம்பரம் பேருந்து நிலையத்தில் நடந்தது இது. உறவில் ஒரு நிக்காஹ். மஞ்சக்குப்பத்திலிருந்து அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். எழுபத்தெட்டு வயது, ஞாபகம் வரும் போகும். பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மாவைக் காணோம்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனில் இருந்தது, ஹஜ்ஜுக்குப் போகும்போது எடுத்த பழைய போட்டோ ஒன்றுதான். வெள்ளைத் துப்பட்டிக்குள் உருண்டையான முகம். அதைக் காட்டிக் காட்டிக் கேட்டேன். "தோ, அங்க நிக்கிறாங்களே" என்பார்கள். ஓடிப்போய்ப் பார்த்தால் துப்பட்டி போட்ட வேறு யாரோ ஓர் அம்மா. மூன்று தடவை இப்படி. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் துப்பட்டியைத் தவிர வேறு எதைத்தான் பார்ப்பார்கள்?

வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் போட்டோவைப் பார்த்துவிட்டு, "இவுங்கள பாக்கலியே பாய்" என்றார். நான் நகரப் போனேன். அவர் மட்டும் என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"பாய், அந்தத் தாடிய கையால கொஞ்சம் மறச்சுக்குங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் இருக்கிற நிலைமையில் இது என்ன விளையாட்டு? ஆனாலும் மறைத்தேன். அத்தனை கூட்டத்துக்கு நடுவே தாடியைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

"அய்ய, அதே மொகம்! அவுங்களுக்குக் கன்னம் மட்டும் ஒட்டிப்போயி இருந்துச்சு. இப்பதான் கீரப்பாளையம் டவுன் பஸ்ல ஏறுனாங்க. ஓடுங்க பாய்!"

டைம் கீப்பரிடம் ஓடினேன். அவர் கண்டக்டருக்குப் போன் போட்டார். அம்மா அந்த பஸ்ஸில்தான் இருந்தார். ஆட்டோ பிடித்துப் போனபோது, கண்டக்டர் சொல்லி உட்காரவைத்திருந்த டீக்கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "எங்கடா பூட்ட? ஒன்ன எங்கெல்லாம் தேடுறது?" என்று எனக்குத்தான் திட்டு. அங்கேயே அழுதுவிட்டேன்.

பிறந்ததிலிருந்து எல்லோரும் என்னை அத்தா ஜாடை என்றே சொல்லி, நானும் அதையே நம்பியிருந்தேன். இப்போது கண்ணாடி முன்னால் நிற்கும்போதெல்லாம் என் முகத்தில் அம்மாவைத் தேடுகிறேன். எனக்கு இன்னும் தெரியவில்லை. அம்மாவை ஒரே ஒரு தடவை, அதுவும் பஸ் ஏறும்போது பார்த்தவருக்கு அது எப்படித் தெரிந்ததோ, நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.