மஞ்சள் பெட்டிக்கு எதிர் வீடு

எங்கள் வீட்டு முன்னறையில் சாயங்கால வேளைகளில் மின்னல் அடிக்கும். இடி கேட்காது, மழையும் வராது. இங்கிலாந்துக்கு வந்த முதல் வாரம் நான் இரண்டு தரம் வெளியே ஓடிப்போய், கொடியில் கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். பிறகுதான் தெரிந்தது, சன்னலுக்கு நேர் எதிரே கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் மஞ்சள் பெட்டியின் வேலை அது என்று. மணிக்கு முப்பது மைலுக்கு மேல் வேகமெடுத்துப் போகும் காரை அது பின்னாலிருந்து பளீர் பளீரென்று இரண்டு படம் பிடிக்கும். பெட்டி இருக்கும் இடம் ஊருக்கே தெரியும். அதனால் கார்கள் அதன் முன்னால் வந்ததும் சட்டென்று அடங்கி, பெரியவர்கள் எதிரில் பீடியை மறைக்கிற மாதிரி நகர்ந்து, தாண்டியதும் உறுமிக்கொண்டு பாயும். நாள் முழுக்க எங்கள் வாசலில் இந்த அடங்கலும் உறுமலும்தான்.

நான் தேவாரத்துக்காரி. மதுரையில் நர்சிங் படித்து, முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்து இங்கே வந்தவள். விசா அந்த இல்லத்தோடு கட்டியது. வீடும் அவர்கள் கொடுத்ததுதான். வேலையை விட்டால் வீடு போகும், வீடு போனால் நாடு போகும். என் கணவர் செல்லப்பாண்டி உத்தமபாளையத்துக்காரர். இங்கே டாக்சி ஓட்டுகிறார். சவாரிக்காரர்கள் வாயில் அவர் பெயர் 'ஆண்டி' ஆகிவிட்டது. அவரும் திருத்துவதை விட்டுவிட்டார்.

அந்தப் பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. இது ஜனங்களின் பாக்கெட்டை உருவும் ஏற்பாடு என்றார்கள் ஒரு பக்கத்தார். அது இருப்பதால்தான் பிள்ளைகள் உயிரோடு பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றார்கள் மறுபக்கத்தார். பெட்டியை எதிர்த்தவர்களுக்கு முன்னால் நின்றவர் எங்கள் பக்கத்து வீட்டு கீத். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் குடிவந்த குளிர்காலத்தில் ஹீட்டர் நின்றுபோனபோது, கூப்பிடாமலே வந்து சரிசெய்து கொடுத்த நல்ல மனிதர். ஒரு நாள் அவர் கதவைத் தட்டி, "இட்ஸ் எ ட்ராப், லவ்" என்றார். இந்த ஊரில் எல்லாப் பெண்களையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு ட்ராப் என்றால் எலிப்பொறிதான் தெரியும். வீட்டில் எலி நடமாட்டம் என்று சொல்கிறாராக்கும் என்று நினைத்து, "நோ கீத், வெரி க்ளீன் ஹவுஸ்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பெட்டியைக் கையால் காட்டி, சர்ச் கூடத்தில் நடக்கப்போகும் கூட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்து கை தூக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

எங்கள் வீட்டிலேயே ஆளுக்கொரு பக்கமாக இருந்தோம். செல்லப்பாண்டி மூன்று தரம் கேமராவில் மாட்டியிருந்தார். நான்காவது தரம் மாட்டினால் லைசென்ஸ் போய்விடும்.

"கூட்டத்துக்கு வா, இல்ல சும்மா வீட்ல இரு. அங்கன போயி பெட்டி வேணும்னு கை தூக்கிறாத" என்றார்.

"மெதுவாப் போனா அது உங்கள என்ன செய்யப்போகுது?"

"மெதுவாப் போனா அடுத்த சவாரி வேற ஆளுக்குப் போயிரும். டாக்சி ஆபீஸ்ல இருக்கவக எனக்காகக் காத்துக்கிட்டா இருப்பாக?"

இதே பேச்சை, இதே சலிப்போடு, வேறொருவர் வாயிலிருந்து முன்பே கேட்டிருக்கிறேன்.

என் அக்கா ஜெயக்கொடி ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போனவள். எங்கள் பக்கத்தில் விடியும் முன்பே தெருமுனையில் ஜீப்புகள் வந்து நிற்கும். தூக்குவாளியும் தலையில் கட்டிய துண்டுமாகப் பெண்கள் ஏறுவார்கள். உள்ளே மடிமேல் மடியாக உட்கார்ந்து, இடமில்லாதவர்கள் பின்படியில் தொங்கிக்கொண்டு, கம்பம்மெட்டு ஏறிக் கேரளத்துத் தோட்டங்களுக்குப் போவார்கள். பொழுது சாயும்போது அதே ஜீப் அவர்களைக் கொண்டுவந்து இறக்கும். ஓட்டியவர் பெயர் மணி. நல்ல மனிதர். கர்ப்பிணிகளை முன்சீட்டில்தான் உட்கார வைப்பார். ஆனால் ஒரு நடையை முடித்துவிட்டு அடுத்த நடைக்கு ஓட வேண்டும் அவருக்கு. "கொஞ்சம் மெதுவாத்தான் போங்களேன்" என்று நானே ஒரு தரம் சொல்லியிருக்கிறேன். "மெதுவாப் போனா மொதலாளி சாவிய வாங்கி வேற ஆளுட்ட குடுத்துருவாக தாயி" என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு சாயங்காலம், மலையிறங்கித் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வரும் வளைவில், அந்த ஜீப் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப் போய்ப் புரண்டது. பின்படியில் நின்றவள் என் அக்கா. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டாள். கைக்குழந்தையாக இருந்த அவள் மகள் சுகன்யாவை அன்றைக்கு இடுப்பிலிருந்து இறக்காமல் வைத்திருந்தவள் நான். மணியும் பிழைக்கவில்லை. அவர் பெண்டாட்டி எங்கள் வீட்டுக்கு வந்து, யாரைப் பார்த்து அழுவது என்று தெரியாமல் நடுவாசலில் நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் ஊர் ரோட்டில் உட்கார்ந்தது. பஸ்கள் வரிசையாக நின்றன. வளைவில் வேகத்தடை போட வேண்டும், ஜீப்பில் ஆள் ஏற்றுவதற்குக் கணக்கு வேண்டும் என்று கேட்டோம். அதிகாரிகள் வந்தார்கள், பேசினார்கள், வேகத்தடையும் வந்தது. வந்த பிறகுதான் வழக்கே ஆரம்பித்தது. தக்காளி நசுங்குகிறது என்றார்கள் லாரிக்காரர்கள். அச்சு முறிகிறது என்றார்கள் ஜீப் முதலாளிகள். இதெல்லாம் நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அக்காவோடு அதே ஜீப்பில் போய்வந்த ஈஸ்வரி மதினி சொன்னது. அந்த விபத்தில் முறிந்த கையில் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்திருந்தார்.

"ஏத்தா, தப்பா நெனைக்காத. அந்தத் தடை இருந்தா ஜீப்பு லேட்டாகுது. லேட்டாப் போனா கங்காணி, வேலையில்லன்னு திருப்பி அனுப்பிர்றாக. செத்தாலும் நேரத்துக்குப் போயிச் சாகணும்ங்குற பொழப்பு எங்க பொழப்பு."

சில வாரங்களில் ஒரு காலையில் பார்த்தால் வேகத்தடையைக் கடப்பாரையால் பெயர்த்துப் போட்டிருந்தது. யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மதினிக்கு அப்போது கட்டுப் பிரித்திருந்தது, மறுபடி ஜீப் ஏறத் தொடங்கியிருந்தார் என்பது மட்டும் தெரியும்.

இவ்வளவையும் மனசில் வைத்துக்கொண்டுதான் சர்ச் கூடத்துக்குப் போனேன். செல்லப்பாண்டி கீத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்தேன். ஒருவர் எழுந்து, திடீரென்று பிரேக் போடுவதால்தான் விபத்து வருகிறது, பெட்டியால்தான் ஆபத்து என்றார். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், பெட்டி வருவதற்கு முன்னால் அந்த இடத்தில் ஒரு மாணவன் அடிபட்டதைச் சொன்னார். சத்தம் கூடியது. எழுந்திருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எழுந்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அக்காவைப் பற்றிச் சொன்னேன். ஜீப்பைச் சொன்னேன், வளைவைச் சொன்னேன். வேகமாகப் போகிறவன் கெட்டவன் இல்லை, அவனை யாரோ விரட்டுகிறார்கள், அவனால் நிற்க முடியாது, அதனால் அவனுக்கு வெளியே ஏதாவது ஒன்று நின்று அவனை நிறுத்த வேண்டும் என்று சொல்ல முயன்றேன். எவ்வளவு சரியாகச் சொன்னேனோ தெரியாது.

முன்வரிசையில் ஒரு அம்மாள் திரும்பி, கண்ணில் உண்மையான நீரோடு, "ஐ ஆம் சோ சாரி, லவ். பட் தட்ஸ் இந்தியா, இஸின்ட் இட்?" என்றார். பலர் தலையாட்டினார்கள். ஒருவர்கூட மரியாதைக் குறைவாக நடக்கவில்லை. என் அக்காவின் சாவை அன்போடு வாங்கி, அழகாக மடித்து, அது வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கை தூக்கச் சொன்னபோது பெட்டி வேண்டும் என்கிற பக்கம் தூக்கினேன். செல்லப்பாண்டி திரும்பிப் பார்த்தார். கோபமில்லை அந்தப் பார்வையில். களைத்துப் போயிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "ஜெயக்கொடி எனக்கும் மதினிதான்" என்றார்.

"தெரியும்."

"லைசென்ஸ் போனா நான் இந்த வீட்டுக்குள்ளயே கெடக்கணும். அது தெரியுமா?"

அதுவும் எனக்குத் தெரிந்திருந்தது.

பெட்டியைப் பராமரிக்கச் செலவாகிறது என்று கடைசியில் அணைத்துவிட்டார்கள். கழற்றவில்லை, வெறும் கூடு கம்பத்தில் இருக்கிறது. முதலில் கார்கள் பழக்கத்தில் அதன் முன்னால் அடங்கிப் போயின. விஷயம் பரவிய பிறகு உறுமல் மட்டும்தான். கீத் கேக் கொண்டுவந்து கொடுத்தார், என் மேல் வருத்தமில்லை என்று காட்டுவதற்காக. செல்லப்பாண்டி நன்றாகத் தூங்குகிறார். நான் வேலைக்குப் போக அந்தச் சாலையைக் கடக்க வேண்டும். இரு பக்கமும் பார்த்து, காலை வைத்து, பின்வாங்கி, மறுபடி வைத்துக் கடக்கிறேன். இன்னும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த 'இன்னும்' என்கிற சொல்லோடுதான் குடியிருக்கிறேன். வேறு வீடு பார்க்கலாமே என்று கேட்பீர்கள். வீடு வேலையோடு வந்தது என்று முன்பே சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் சுகன்யா போன் செய்தாள். பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அவள் அப்பாவுக்கு முதுகு போய், படுத்த படுக்கை.

"சித்தி, திங்கக்கெழமையிலருந்து தோட்டத்துக்குப் போறேன். ஈஸ்வரி அத்த சேத்துவிட்டாக."

"எதுல போற?"

"ஜீப்புலதான்."

வேண்டாம் என்றேன். அழுதேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"எத்தன நாளைக்கு உங்க கையவே பாத்துக்கிட்டு இருக்கது சித்தி? இங்கன வேற என்ன வேல இருக்கு, நீங்களே சொல்லுங்க."

"டிரைவர மெதுவாப் போகச் சொல்லு."

"சொன்னா எறங்கிக்கன்னுவாக."

கடைசியில் ஒன்றே ஒன்றுக்கு ஒத்துக்கொண்டாள். தினமும் ஜீப்பை விட்டு இறங்கியதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். நான் எடுக்கக் கூடாது. அடித்து நின்றால் ஊர் வந்து சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அங்கே ஜீப்புகள் மலையிறங்கும் நேரம் இங்கே இல்லத்தில் மதியச் சாப்பாட்டு வேளை. ஐவி என்கிற பாட்டியம்மாவுக்குச் சூப் ஊட்டுவது என் வேலை. அவருக்கு அந்த நாளின் கிழமைகூட நினைவிருக்காது. நேற்று போன் வரச் சுணங்கியது. ஸ்பூனை அவர் வாய்க்குக் கொண்டுபோக மறந்து உட்கார்ந்திருந்தேன் போல. அவர் வாயைத் திறந்துகொண்டே காத்திருந்தார். அப்புறம் என் சீருடைப் பைக்குள் போன் ஒரு தரம் அதிர்ந்து நின்றது.

"உன் கணவரா?" என்று கேட்டார் ஐவி.

"இல்லை. என் அக்கா மகள். மலையிலிருந்து இறங்கிவிட்டாள்."

அவர் முகம் மலர்ந்தது. "எவ்வளவு நல்லது. மேலே ஸ்னோ இருந்ததா?"

எங்கள் மலையில் கார்த்திகை மாதத்துப் பனி எதிரே வரும் வண்டியை மறைத்துவிடும். "இருந்தது" என்றேன். அவர் சந்தோஷமாகச் சன்னலுக்கு வெளியே ஒரு மலையைப் பார்க்கத் தொடங்கினார். நான் வேறொரு மலையைப் பார்த்துக்கொண்டு, ஒரு கையைப் பைக்குள் போனின் மேலேயே வைத்தபடி, மறுகையால் அடுத்த வாய்ச் சூப்பை எடுத்தேன்.