பதினேழு வயதுக்காரியைக் கொடுப்பதா

பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் போன என்னிடம்தான் அந்தக் கேள்வி முதலில் வந்தது. பாரிசில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் சேலைக்கடை வைத்திருக்கும் அந்த அக்கா, அளவெடுக்கிற நாடா என் தோளில் கிடக்கும்போதே, எங்கள் கூடைப்பந்து அணியின் பதினேழு வயதுப் பிள்ளையைத் தங்களுக்குத் தரச் சொல்லிக் கேட்டார்.

"எங்கட நெட்டையை நீங்கள் எடுங்கோ. உங்கட சின்னவளை எங்களுக்குத் தாங்கோ. பட்டியல் குடுக்க முதல் செய்வம்."

"உங்களுக்கு விசரோ அக்கா? முப்பத்தொன்பது வயசு ஆளைத் தந்து பதினேழு வயசைக் கேக்கிறியள்."

"நீங்கள் மூண்டு வருஷமா ஃபைனலிலை தோக்கிறியள். உங்களுக்கு இந்த வருஷம் வேணும். எனக்கு வரப்போற அஞ்சு வருஷம் வேணும். இதில ஆருக்கு நட்டம்?"

ஆள் நல்ல வியாபாரி. சேலை விற்பதுபோலவே கதைத்தார்; வேண்டாம் என்று சொன்னவளின் மடியில் விரித்துப் போட்டுவிடுகிற மாதிரி.

பாரிசில் எங்கள் பெண்களுக்கு ஒவ்வொரு கோடையிலும் ஒரு கூடைப்பந்துப் போட்டி நடக்கும். பழைய மாணவியர் சங்கங்கள்தான் அணிகள். ஆடுகிறவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும், இல்லையென்றால் அவளுடைய தாய் படித்திருக்க வேண்டும். அதனால் இங்கே பிறந்த பிள்ளைகள் கண்ணாலும் காணாத பள்ளிக்கூடத்துக்காக வியர்த்து ஓடுவார்கள். ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரில் பதிந்தால் பெரியவர்களுக்கு அதோடு சரி. பதினெட்டு வயதாகும்வரைதான் மாறலாம். ஆனால் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்வதானால் எந்த வயதிலும் இரண்டு சங்கமும் சம்மதித்தால் போதும்.

எங்களுடையது யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம். சேலைக்கடை அக்காவின் அணி மன்னார்க் கன்னியர் மடப் பள்ளிக்கூடம். பிள்ளையின் தாய் எட்டாம் வகுப்புவரை எங்களோடு படித்தவள். பிறகு இடம்பெயர்ந்து மன்னாருக்குப் போய் அங்கே சோதனை எழுதினாள். நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் அந்த உயரமானவளோ மன்னாரில் பிறந்து, சமாதான காலத்தில் யாழ்ப்பாணம் வந்து, எங்கள் விடுதியில் தங்கி உயர்தரம் படித்தவள். இரண்டு பக்கமும் உரிமை உண்டு. யுத்தம் எங்களுக்கு வேறொன்றும் தராவிட்டாலும் ஆளுக்கு இரண்டு மூன்று பள்ளிக்கூடங்களைத் தந்தது.

நெட்டையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். கூசேன்வில்லில் வீடு, விமான நிலையத்தில் வேலை. நாள் முழுக்கப் பெட்டி தூக்கிய கை. வளையத்துக்குக் கீழே அவள் வந்து நின்றால் மற்றவர்கள் வேறு அலுவல் பார்க்கப் போகலாம். மூன்று இறுதியாட்டங்களில் இரண்டை அவளிடம்தான் தோற்றோம். அவள் எங்கள் பக்கம் வந்தால் இந்த வருடம் கோப்பை எங்களுக்குத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனாலும் பிளவுஸின் அளவைக் கொடுத்துவிட்டுத் தெருவில் இறங்கும்போதே என் முடிவு தெளிவாக இருந்தது. பிள்ளையைக் கொடுக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சி முடிந்ததும் லா ஷப்பலில் வழக்கமான சாப்பாட்டுக் கடையின் பின்பக்க மேசையில் கூடினோம். ஒன்பது பெண்கள், ஒன்பது பிளேன்ரீ, ஒரு தட்டம் றோல்ஸ். பிள்ளைக்கு அடுத்த நாள் பரீட்சை, அவள் வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். மேசையில் பாதிக்கு மேல் நெட்டையின் பக்கம் சாய்ந்துவிட்டது.

"அக்கா, இந்த முழங்கால் அடுத்த வருஷம் இருக்குமோ தெரியாது," என்றாள் எங்களில் மிகவும் நன்றாகப் பந்து எறிகிறவள். "ஒரு கப் தூக்கிப்போட்டு நிப்பாட்டுவம்."

"கப் வேணுமெண்டால் கடையில வாங்கித் தாறன்."

"பகிடி விடாதேங்கோ."

நான் விடவில்லை. கதைத்தேன். கதைக்கத் தொடங்கினால் என்னை நிறுத்துவது சிரமம் என்று சென் தெனியில் நான் வேலை செய்யும் ஃபார்மசியில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வருடத்தில் நாங்கள் எல்லோரும் கதிரையில் இருந்து கைதட்டுகிற ஆட்கள், அப்போது அணி என்று எதைப் பதிவது என்று கேட்டேன். எங்கள் வயதில் இன்னொருத்தியைக் கூட்டிவந்து கிழவிகள் சங்கம் நடத்துவதா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரி என்று சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

ஊரில் நாங்கள் விளையாடியது வலைப்பந்து. அதில் பந்தைப் பிடித்தால் பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும். தட்டிக்கொண்டு ஓட முடியாது. பாரிசுக்கு வந்த பிறகு வலைப்பந்துக்கு ஆளுமில்லை, இடமுமில்லை. இங்குள்ள ஜிம்னாஸ் என்கிற விளையாட்டு மண்டபத்தில் இருந்தது கூடைப்பந்து வளையம், ஆகவே கூடைப்பந்தாட்டக்காரிகள் ஆனோம். ஆனால் கால் மறக்காது. நெருக்கடி வந்தால் பந்தைப் பிடித்துக்கொண்டு ஆணி அடித்ததுபோல நின்றுவிடுவோம். பிள்ளை இங்கே பிறந்தவள். பள்ளிக்கூடத்து அணியில் பத்து வயதிலிருந்து ஆடுகிறவள். பந்து அவளுடைய கைக்கும் தரைக்கும் நடுவில் தானாகவே போய்வரும். முன்னால் ஆள் வந்தால் நாங்கள் நிற்போம், அவள் வேகத்தைக் கூட்டுவாள்.

கடைசியில் கை உயர்த்தச் சொன்னேன். ஒருத்தியைத் தவிர எல்லோரும் என் பக்கம். அன்றைக்கே தாய்க்கும் போன் எடுத்தேன். அவள் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை. பின்னால் பாத்திரம் விழுகிற சத்தத்தோடு, "எனக்கு ரெண்டு பள்ளிக்கூடமும் ஒண்டுதான் அக்கா," என்றாள். "ஒண்டு எழுத்துப் படிப்பிச்சது, மற்றது சோறும் தந்து படிப்பிச்சது. நீங்கள் பாத்துச் செய்யுங்கோ." செய்துவிட்டேன் என்றேன். அடுத்த நாள் சேலைக்கடை அக்காவுக்கும் இல்லை என்று சொல்லியாயிற்று. எல்லோரையும் கேட்டு, எல்லோருக்கும் பதில் சொல்லி, நல்ல ஒழுங்காக முடித்த காரியம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை பயிற்சி முடிந்து பிள்ளையோடு மெத்ரோவுக்கு நடக்கும்போதுதான் அவளிடம் சொன்னேன். நன்றி எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். எதிர்பார்த்தேன்.

அவள் பிரெஞ்சில்தான் பதில் சொன்னாள். எங்களோடு எப்போதும் அப்படித்தான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் பிரெஞ்சில் சொல்வாள், ஒருவருக்கும் சிரமமில்லை. தன்னை ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்றாள். கோபமாகக்கூட இல்லை. மெத்ரோ ஏன் பிந்துகிறது என்று கேட்பவளின் குரல்.

"நீ சின்னப் பிள்ளை. நாங்கள் உனக்காகத்தானே கதைச்சனாங்கள்," என்றேன்.

போன வருடம் எத்தனை ஆட்டத்தைத் தான் தொடக்கத்திலிருந்து ஆடினேன் என்று கேட்டாள். நான் யோசித்தேன். ஒன்றுமில்லை என்று அவளே சொன்னாள். இறுதியாட்டத்தில் நான்கு நிமிடம் ஆடினாளாம், அதுவும் எனக்குக் கெண்டைக்கால் பிடித்தபடியால். பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவளை இங்கே மெனேஸ் என்பார்கள். எங்கள் அணியில் பன்னிரண்டு வருடமாக மெனேஸ் நான். பிள்ளையும் மெனேஸ். அவள் சொன்னது இதுதான்: மன்னார் அணிக்குப் போனால் நான் மெனேஸ். இங்கே இருந்தால் நீங்கள் மெனேஸ். என்னை எதற்காக வைத்திருக்கிறீர்கள்?

"இஞ்சை பார் பிள்ளை, ஆளோடை அளந்து கதை," என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு, நல்ல மரியாதையாக, "ஒவா அன்ரி," என்று விடைபெற்றுப் படியேறிப் போனாள்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்காக எட்டுப் பேரோடு மல்லுக்கட்டியவள் நான். கோப்பையையே வேண்டாம் என்றவள் நான். வீட்டில் அகப்பை, மூடி எல்லாவற்றையும் தேவைக்கு மேல் சத்தமாக வைத்தேன். என் மனுசன் ஒன்றும் கேட்காமல் போனை எடுத்து, போன வருட இறுதியாட்டத்தைத் தான் எடுத்த வீடியோவைப் போட்டு, மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டார். எதற்காக வைத்தார் என்று இன்றுவரை நானும் கேட்கவில்லை.

பார்த்தேன். இரண்டாம் பாதியில் மட்டும் பதினொரு தரம் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். நாற்பத்து மூன்று வயதில், ஊர் வலைப்பந்து மைதானத்தில் நிற்கிற அதே நிலையில், யாருக்கு எறியலாம் என்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். பக்கத்துக் கதிரை வரிசையில் எல்லோரும் இருக்கிறார்கள், பிள்ளை மட்டும் நிற்கிறாள். உள்ளே ஆடிய அந்த நான்கு நிமிடம் தவிர ஆட்டம் முழுக்க நிற்கிறாள். எந்த நிமிடமும் கூப்பிடுவார்கள் என்று நிற்கிறவளின் நிலை அது.

அவளைக் கொடுக்கக் கூடாது என்று நான் சொன்னது சரி. அதில் எனக்கு இப்போதும் இரண்டாம் யோசனை இல்லை. ஆனால் எங்கள் அணியில் அவளுடைய இடத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அந்த ஒருத்தியைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை மேசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அவர்களுக்கு இடம் கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை. வெட்கமாக இருந்தது.

எனக்கு ஒரு விஷயம் விளங்கினால் இழுத்தடிக்கத் தெரியாது. வெள்ளிக்கிழமை அவள் படிக்கும் லிசே வாசலில் போய் நின்றேன். சிநேகிதிகளோடு வந்தவள் என்னைக் கண்டதும் ஆருக்கோ ஏதோ நடந்துவிட்டதென்று பயந்துபோனாள்.

"மெனேஸ் நீ. முதல் நிமிஷத்திலை இருந்து. நான் வெளியிலை இருப்பன்," என்றேன். "இப்ப கேக்கிறன். எங்களோடை நிக்கிறியோ, மன்னாருக்குப் போறியோ? போறதெண்டால் அந்த அக்காட்டை நானே கூட்டிக்கொண்டு போறன்."

துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமைவரை யோசிக்கலாமா என்று கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் கேட்டவள் நான். "ஓம், யோசி," என்றேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஃபார்மசியில் நிற்கும்போது குறுஞ்செய்தி வந்தது. நிற்கிறேன் என்று ஒரே ஒரு சொல், பிரெஞ்சில். அன்று பின்னேரம் பட்டியலைக் கொடுத்தோம்.

கோடையில் மன்னார்க்காரரை அரையிறுதியிலேயே சந்தித்தோம். தோற்றோம், நான்கு புள்ளியால். நெட்டை வளையத்துக்குக் கீழே தன் வேலையைச் சரியாகச் செய்தாள். ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போது சேலைக்கடை அக்கா, "அண்டைக்கே சொன்னன்," என்றார். "அடுத்த வருஷம் கதைப்பம்," என்றேன். அது ஒன்றும் வாய்ச்சவடால் இல்லை.

தோல்வியை விட எனக்கு நினைவில் நிற்பது அதற்கு மூன்று நிமிடம் முந்தியது. இரண்டு புள்ளி பின்னால் நின்றோம். பிள்ளை அடுத்தடுத்து இரண்டு பந்தைத் தவறவிட்டாள். முகம் சிவந்து, என்னைப் பார்த்து, இடைவேளை கேள் என்று கையால் காட்டினாள். கேட்டேன். விசில் ஊதியது. அவள் நேரே என்னை நோக்கி வரத் தொடங்கினாள்.

அந்தச் சில விநாடியில் என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. மேலங்கியைக் கழற்றிவிட்டேன். முழங்கால் பட்டியை இறுக்கினேன். எழுந்துவிட்டேன். இந்த நெருக்கடிக்கு நான்தான் வேண்டும், பாவம் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அன்ரி, தண்ணி."

போத்தலைக் கொடுத்தேன். இரண்டு மிடறு குடித்தாள். என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, மற்ற நான்குபேரின் பக்கம் திரும்பி, தன் உடைந்த தமிழில், "நீங்க இஞ்சை. அன்ரி, நீங்க அங்கை. பந்து வந்தா நிக்க வேண்டாம்," என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். என்னோடு பன்னிரண்டு வருடம் ஆடியவர்கள், முழங்கால் நொந்தவளும் சேர்த்து, நல்ல மாணவிகள்போலத் தலையாட்டினார்கள். ஒருத்திகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நொந்தது, நன்றாகவே நொந்தது. விசில் ஊதி அவர்கள் உள்ளே போனதும் மேலங்கியை எடுத்துத் திரும்பப் போட்டு, கழுத்துவரை சிப்பை இழுத்துப் பூட்டிக்கொண்டேன்.