காப்பி மெஷினுக்கு ஒரு மோட்டார் குழாய்

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில், திண்டுக்கல்லில் எங்கள் தெருவில் இத்தாலியக் காப்பி மெஷின் இருந்த ஒரே வீடு எங்களுடையது. என் மனைவியின் தம்பி கத்தோலிக்கப் பாதிரியார். ரோமில் மேல்படிப்பு முடித்துத் திரும்பியபோது, விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து அக்காவுக்குக் கொடுத்தார். நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவன். ரோமாபுரி எப்படி விழுந்தது என்று ஒரு மணி நேரம் பேசுவேன். அந்த ஊர் மெஷின் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் வகுப்பு முடிந்துவிடும்.

எங்கள் ஊர் வீடுகளில் தண்ணீர் இரண்டு வகை. குடத்தில் மூடி வைத்த நல்ல தண்ணி. போர்வெல்லில் வரும் உப்புத் தண்ணி. நல்ல தண்ணி வாய்க்கு மட்டும். மெஷினுக்கு எது என்ற வழக்கில் பாதிக்குப் பாதி என்று மனைவி தீர்ப்புச் சொன்னாள். காப்பி லேசாகக் கரித்தது. இத்தாலிக்காரர்கள் இப்படித்தான் குடிப்பார்கள் போலும் என்று மரியாதையோடு விழுங்கினோம்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் வந்தது. அந்த வருஷம் வீட்டில் யாருக்கும் காப்பி கிடையாது என்று அவள் ஒறுத்தல் வைத்தாள். (டீயைப் பற்றி ஒன்றும் சொல்லாததால் நான் பஸ் ஸ்டாண்டில் பிழைத்துக்கொண்டேன்.) மெஷினுக்குள் மிச்சமிருந்த தண்ணீரைக் கொட்ட வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. ஈஸ்டருக்கு மறுநாள் வருவதாகத் தம்பி போன் செய்ததும் சும்மா போட்டுப் பார்த்தோம். முனகியது. சொட்டு வரவில்லை.

"தெனம் அதுலதான் குடிக்கிறோம்னு அவன்கிட்ட சொல்லி வச்சிருக்கேங்க. மடியில வச்சுக் கொண்டாந்தவன் மூஞ்சில எப்படி முழிக்கிறது?" என்றாள்.

கழற்றிப் பார்த்தேன். உள்ளே கொதிகலன் வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி ஊறவைத்தோம். உப்புப் பொருக்கு பெயர்ந்தது. ஆனால் வெளியே வர வழியில்லை. தண்ணீர் போக வர மேலே ஊசிக்கண் மாதிரி துளைகள், அவ்வளவுதான். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஞானஸ்நானத்துக்கு வந்த முரட்டுக் குழந்தையைப் போல் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினோம். உள்ளே கிலுகிலுவென்றது. என் இடுப்பு பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் கிணற்று மோட்டாரில் காற்றுப் பிடுங்க வைத்திருக்கும் சின்னப் பித்தளைத் திருகுக் குழாய் ஞாபகம் வந்தது. அதைக் கொதிகலனுக்கு அடியில் வைத்தால், ஊறவைத்துத் திறந்துவிட்டால் போதுமே. பெரிய வெள்ளியன்று வேலை செய்யக் கூடாது. சனிக்கிழமை காலையில் கொதிகலனோடு லேத் பட்டறைக்குப் போனேன்.

"என்ன சார், தக்காளிக்கு மருந்தடிக்கிற டாங்கா?"

"காப்பிக்கு."

"காப்பியில என்ன பூச்சி சார் விழுகுது?" என்றபடியே பட்டறைக்காரர் துளை போட்டு மரை வெட்டிக் குழாயைப் பொருத்திக் கொடுத்தார்.

குழாய் கீழே துருத்தியதால் மெஷினை இரண்டு செங்கல் மேல் ஏற்ற வேண்டியதாயிற்று. மறுபடி எலுமிச்சை உப்பு. குழாயைத் திறந்ததும் தோசைமாவாகக் கொட்டியது.

"ஆத்தாடி, இம்புட்டையுமா குடிச்சோம்?" என்றாள்.

ஈஸ்டர் காலையில் அலசிவிட்டு, முழுக்க நல்ல தண்ணி ஊற்றி சுவிட்சைப் போட்டேன். சன்னமான கறுப்பு நூலாகக் காப்பி இறங்கியது. கரிக்கவில்லை.

திங்கட்கிழமை தம்பி ஜீப்பில் வந்தார். டம்ளரை வாங்கும்போதே கண் அடுப்படிக்குப் போய்விட்டது.

"மெஷினுக்கு எதுக்குக்கா செங்கலு?"

நான் திண்டுக்கல்லின் நிலத்தடி நீர் வரலாற்றிலிருந்து தொடங்கினேன். அவள் குறுக்கே வந்தாள். "அடச்சுப் போச்சுப்பா. எங்க தப்புதான். உங்க மச்சான் அடியில ஒரு குழா வச்சிருக்காரு."

அவர் குனிந்து பார்த்தார். தொடப்போய், சூட்டில் கையை உதறினார். அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு நான் ரெண்டு வாங்குனேன். நான் தங்கியிருக்கிற கோயில் பங்களாவுல இருக்கிறது போன வருசமே அடச்சுருச்சு. ஒங்கிட்ட தெனம் அதுலதான் குடிக்கிறேன்னு சொல்லிட்டேன்."

"ஏலே, சாமியாரு பொய் சொல்லலாமாடா?"

"ஒன்னோடது மட்டும் எப்படி ஓடுதுன்னு பாக்கத்தான் வந்தேன்." என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஜீப்புலதான் கெடக்கு மச்சான். லேத்துக்காரர் இப்ப இருப்பாரா?"

அவள் சிரித்துக்கொண்டே எங்களுக்கு முன்னால் ஜீப்புக்குப் போய்விட்டாள்.