விஜி இடம் மாற்றிய வரி

கடுகண்ணாவையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது விஜியின் தம்பி கம்பளையிலிருந்து அழைத்தான். "அக்கா போயிருச்சுங்க" என்றான். காய்ச்சலென்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. கண்டியில் எங்களோடு மென்பொருள் எழுதியவர்களே, விஜயலட்சுமியை உங்களுக்குத் தெரியும். அவளுக்கு நடந்த அநியாயம் உங்களில் பலருக்குத் தெரியாது.

எங்கள் முகாமையாளருக்குத் தம் பெயர்மேல் அபார ஆசை. எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் பொதுக்கோப்பு ஒன்றில், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் தம் பெயரும் நேரமும் தானாகப் பதியும்படி ஒரு வரி எழுதியிருந்தார். நாங்கள் ஓர் எழுத்தைத் திருத்தினாலும் பொதுக்கோப்பு புதிதாகிவிடும். உடனே கணினி அத்தனை நிரல்களையும் தனக்குப் புரியும் மொழிக்கு மாற்றி முதலிலிருந்து தொகுக்கும். காலையில் தொடங்கினால் மதியச் சோறு தின்ற பிறகும் முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்த்து, "வேலை செய்றீங்களா, தூங்குறீங்களா?" என்று அவரே கத்துவார்.

விஜி அந்த வரியைத் தூக்கித் தனியாக ஒரு சின்னக் கோப்பில் வைத்தாள். பிறகு திருத்திய நிரலும் அந்தச் சின்னக் கோப்பும் மட்டுமே தொகுக்கப்பட்டன. பிளேன் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது. "சேர் பேரு எங்கயும் போகல. ஒரு ஓரமா உக்கார வச்சிருக்கேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவளை வேலையில் நிரந்தரமாக்க வேண்டிய நேரத்தில், கேட்காமல் கைவைப்பவள் என்று சொல்லி வெளியே அனுப்பினார். அதே மாற்றத்தைத் தம் வேலையென்று மேலிடத்தில் காட்டிப் பாராட்டும் வாங்கினார். "போய்ச் சண்டை போடுடி" என்றேன். "விடு. யாரு பேரப் போட்டாலும் ஓடுறது என் வேலதான்" என்றவள், கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவள் விட்டாள். நான் விடவில்லை.

மரண வீட்டில் முன்வரிசைக் கதிரையிலிருந்து எழுந்து, "நான் உருவாக்கிய பிள்ளை" என்று அவர் பேசினார். விஜியின் அம்மா அவரைக் கும்பிட்டார். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். அவர் பின்னாலேயே வந்து என்னைப் பிடித்து, "விஜியப் பத்தி எழுதப் போறீங்களாம். பழசெல்லாம் வேணாம். நானும் அவளும் சமாதானமாயிட்டோம்னு போட்டுருங்க" என்றார்.

போட மாட்டேன், சேர். எதையும் மறுபடி செய்வதற்கு முன், என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம்தான் விஜியிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அன்று வாசலில் உங்களைப் பார்த்தேன். எதுவும் மாறவில்லை. ஆகவே பழைய தீர்ப்பே போதும்: அந்த வேலையைச் செய்தவள் விஜயலட்சுமி. திருடியவர் நீங்கள்.